வட ஆற்காட்டில் குதிரை எத்தனை? எங்கள் கணக்கெடுப்பைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் குதிரை, மட்டக்குதிரை, கழுதை வைத்திருப்பவர்களையும் அவற்றை நம்பிப் பிழைப்பவர்களையும் நாங்கள் நான்கு பேர் நேரில் பார்த்து விவரம் கேட்டு வருகிறோம். ஒருவர் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர். ஒருவர் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இன்னொருவர் குதிரைச் சவாரி சொல்லித் தருகிறவர். நான் கணக்கு எழுதுகிறவன். போகிற இடத்திலெல்லாம் எங்களைக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில்.

வேலூரில் குதிரை எங்கே இருக்கிறது? எதற்கு இந்த வெட்டி வேலை?

முதல் கேள்வியே இதுதான், எல்லா ஊரிலும். கல்லில் தேடினால் உடனே கிடைக்கும். கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாய்கிற குதிரைகள் நிற்கின்றன. வரலாற்றிலும் கிடைக்கும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆற்காட்டில் இருந்த குதிரைப்படையைக் கூட்டிக்கொண்டு ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி வந்து சேர்ந்ததால்தான் அந்த எழுச்சி ஒரே நாளில் அடங்கியது. இருபத்தைந்து கிலோமீட்டர் தூரம். குதிரை இல்லாமல் இருந்திருந்தால் கதை வேறு.

உயிருள்ள குதிரை வேண்டுமென்றால் முகூர்த்த நாளில் மண்டப வாசலில் நின்று பாருங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரை வரும், சாரட்டு வரும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நிக்காஹ் ஊர்வலத்திலும் பார்க்கலாம். அந்தக் குதிரை காலையில் எங்கே இருந்தது, ராத்திரி எங்கே போகிறது, என்ன தின்கிறது, அதற்கு வயிற்று வலி வந்தால் யார் பார்ப்பது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வேலை அங்கேதான் ஆரம்பித்தது.

அரசாங்கமே கால்நடைக் கணக்கெடுக்கிறதே, நீங்கள் எதற்கு?

எடுக்கிறது, அதை மதிக்கிறோம். நாடு முழுமைக்கும் நிலவரம் அங்கிருந்துதான் தெரிகிறது. 2012-இல் இந்தியாவில் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்து 6.25 லட்சம். 2019-இல் வெளியான 20-ஆவது கணக்கெடுப்பில் சுமார் 3.4 லட்சம். ஏழு வருடத்தில் 45 விழுக்காட்டுக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. கோவேறு கழுதை 57 விழுக்காடு குறைந்து 84 ஆயிரத்துக்கு வந்துவிட்டது. கழுதை அதைவிட மோசம், 61 விழுக்காடு குறைந்து 1.2 லட்சம்.

நம் பகுதிக்கு வந்தால் ஒரு சிக்கல். பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் மூன்றானது. 20-ஆவது கணக்கெடுப்பு நடந்தபோது ஒரே வேலூர். 2024 அக்டோபரில் தொடங்கிய 21-ஆவது கணக்கெடுப்பில் மூன்று மாவட்டம். பழைய வேலூர் எண்ணையும் புது வேலூர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர், பாதிக் குதிரை செத்துப்போனதாக நினைத்துக்கொள்வார். மூன்றையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

அப்புறம், எண்ணிக்கை என்பது தலைக்கணக்குதானே. அந்தக் குதிரைக்கு வேலை இருக்கிறதா, காலில் புண் இருக்கிறதா, வைத்திருப்பவரின் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வருவானா என்பதெல்லாம் தலைக்கணக்கில் வராது.

கழுதையும் சேர்த்தியா?

சேர்த்தி. குதிரைக்கு வரும் நோய் கழுதைக்கும் வரும், கழுதைக்கு வருவது குதிரைக்கும் வரும். கௌரவம் பார்த்து விட்டுவிட்டால் ஆய்வு அரைகுறையாகிவிடும்.

படிவத்தில் என்னென்ன கேட்கிறீர்கள்?

இதில் நாங்கள் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வெளிநாட்டில் பயன்படுத்தும் கேள்வித்தாள்களைப் பார்த்து ஒன்று தயாரித்தோம். வாரத்தில் எத்தனை மணி நேரம் பொழுதுபோக்குக்காகச் சவாரி செய்கிறீர்கள், மேய்ச்சல் நிலம் எத்தனை ஏக்கர், எந்தச் சங்கத்தில் உறுப்பினர். முதல் ஆளாக ஒரு வண்டிக்காரப் பாயிடம் போனோம். ஒவ்வொரு கேள்வியையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "தம்பி, நான் சவாரி ஏத்துறவன், சவாரி போறவன் இல்ல" என்றார். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்தோம்.

சித்தூர் ஒரு காலத்தில் வட ஆற்காட்டோடு இருந்த ஊர். தெலுங்கு நமக்கு அக்கம்பக்கம், அதில் குதிரை என்பது குர்ரம். அதனாலோ என்னவோ, "குதிரைக்குக் குர்ரம் என்றால் ஆனைக்கு அர்ரமா" என்கிற பழமொழி இங்கே எல்லோருக்கும் புரியும். நாங்களும் அந்தப் பழமொழி மாதிரித்தான், வெளிநாட்டில் செல்லுபடியானதை இங்கே அப்படியே ஒட்டப்போனோம். அதுதான் தப்பு.

இப்போதுள்ள படிவத்தில் முதல் கேள்வி, கடைசியாக எப்போது லாடம் மாற்றினீர்கள் என்பது. அடுத்தது, ஆடியிலும் மார்கழியிலும் தீனிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் பேச்சு தானாக ஓடும். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கல்யாணக் குதிரைக்கு வருமானம் கிடையாது. முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களும் ரமலானில் அநேகமாக நடக்காது. குதிரை மட்டும் எல்லா மாதமும் தின்னும்.

விவரம் சொன்னால் வரி, கேஸ் ஏதாவது வருமா?

வராது. பெயர், விலாசம், போன் நம்பர் எதையும் எழுதுவதில்லை. ஊர்ப் பெயரைக்கூடத் தாலுகாவோடு நிறுத்திக்கொள்கிறோம்.

லாடத்தைப் பற்றி ஏன் அவ்வளவு கேட்கிறீர்கள்?

ஏனென்றால் ஒரு ஊரில் எத்தனை குதிரை இருக்கிறது என்று யாருக்குத் தெரியாவிட்டாலும் லாடம் கட்டுகிறவருக்குத் தெரியும். உருது பேசுகிற வீடுகளில் லாடத்தை நால் என்பார்கள், கட்டுகிறவர் நால்பந்த். எந்தக் குதிரை யாரிடம் கைமாறியது, எது நொண்டுகிறது, எது உதைக்கும், எல்லாம் அவர் மனப்பாடம்.

ஆற்காட்டுப் பக்கம் அப்படி ஒரு பெரியவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குதிரையின் முதுகைத் தன் தோளால் லேசாகத் தள்ளினார். அது எடையை மறுபக்கம் மாற்றியதும், முன்னங்காலைத் தூக்கித் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். பழைய ஆணியின் மடிப்பை நிமிர்த்தி, லாடத்தைக் குறடால் நெம்பி எடுத்தார். தேய்ந்து தகடாகிப்போன இரும்பு. குளம்பின் அடியில் முக்கோணமாக ரப்பர் போல ஒரு பாகம் இருக்கும். அதன் இரண்டு ஓரப் பள்ளத்தையும் சுரண்டி விரலை மோந்து பார்த்தார். "நாத்தம் இல்ல, நல்லா இருக்கு" என்றார். ஈரத்திலும் சாணத்திலும் நிற்கிற குதிரைக்கு அங்கே அழுகல் பிடிக்கும், மூக்கு முதலில் சொல்லிவிடும். பிறகு நகம் வெட்டுவது போலக் குளம்பைச் சீவி, அரத்தால் ராவி, புது லாடத்தை வைத்துப் பார்த்தார். ஆணியை அடிக்கும்போது அவர் காது சுத்தியலில்தான் இருந்தது. சத்தம் கெட்டியாக வந்தால் ஆணி சரியான இடத்தில் போகிறது. சத்தம் மந்தமானால் உள்ளே சதைப் பக்கம் திரும்புகிறது, உடனே பிடுங்கிவிட வேண்டும். அப்படி ஒரு ஆணியைப் பிடுங்கினார்.

குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை இந்த வேலை செய்தாக வேண்டும். அந்தப் பெரியவருக்குப் பிறகு யார் என்று கேட்டேன். மகன் பெங்களூரில் இருக்கிறான் என்றார். குதிரைத் துறையின் எதிர்காலம் என்று பெரிய பெரிய வார்த்தையில் பேசுகிறோம். என்னைக் கேட்டால், தாலுகாவுக்கு ஒரு லாடக்காரர் இல்லாமல் போகும் நாளில் அந்தத் தாலுகாவில் குதிரைக்கு எதிர்காலம் முடிந்தது. ஆகையால் குதிரையை எண்ணுவதற்கு முன்னால் இவர்களை எண்ணுகிறோம்.

ஒரு குதிரை வளர்க்க மாதம் எவ்வளவு ஆகும்?

ரூபாயில் எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். அளவைச் சொல்கிறேன், உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு காய்ந்த தீனி தினமும் வேண்டும். 400 கிலோ குதிரைக்கு ஆறிலிருந்து எட்டு கிலோ. பெரும்பகுதி புல்லும் தட்டையுமாக இருக்க வேண்டும். கொள்ளும் தவிடும் துணைக்குத்தான். தண்ணீர் சாதாரண நாளிலேயே 25 லிட்டருக்குக் குறையாது, வெயிலில் நன்றாகக் கூடும்.

கொள்ளை நிறையப் போட்டால் குதிரை பாயும் என்று நினைத்து, புல்லைக் குறைத்துக் கொள்ளை ஏற்றுகிறார்கள். குதிரையின் வயிறு மாட்டு வயிறு மாதிரி கிடையாது, அசை போடாது, வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. தப்பான தீனி உள்ளே போனால் வயிற்று வலி வந்து, அந்த வலியிலேயே உருண்டு செத்தும் போகலாம். ராத்திரி இரண்டு மணிக்கு அப்படி ஒரு வலி வந்தால், அறுவைச் சிகிச்சை வேண்டுமென்றால், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் வண்டி கட்ட வேண்டும். வேலூரிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். அதுவும் குதிரை ஏற்றுகிற வண்டி அந்த நேரத்தில் கிடைத்தால்.

நம்ம ஊர் வெயிலில் குதிரை தாங்குமா?

தாங்கும், ஆனால் மனிதன் புத்தியோடு நடந்துகொள்ள வேண்டும். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் என்பது ஊரறிந்த சமாச்சாரம். வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள், வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை அவற்றை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. முள் வைத்த கடிவாளமும் கூடாது. நாங்கள் பேசியவர்களில் இந்த விதி இருப்பதே தெரியாதவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மண்டபத்துக்காரரும் பெண் வீட்டாரும் "பகல் ஒரு மணிக்கு ஊர்வலம்" என்று சொல்லும்போது குதிரைக்காரர் என்ன செய்வார்?

இன்னொரு நம்பிக்கை: வியர்த்த குதிரை மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பிடிப்பு வந்துவிடும் என்பது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்னால் அங்கே அடிக்கப்போகும் புழுக்கத்துக்குப் பயந்து ஆராய்ச்சி செய்தார்கள். குளிர்ந்த தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுவதுதான் சூட்டை இறக்க நல்ல வழி என்று தெரிந்தது. தாராளமாக ஊற்றுங்கள். வியர்வையில் உப்பும் போகும், தொட்டியருகே உப்புக்கட்டி வையுங்கள்.

என்ன நோய்க்குப் பயப்பட வேண்டும்?

மூக்கில் புண், சளி, தோலில் முடிச்சு முடிச்சாகக் கட்டி வருகிற கிளாண்டர்ஸ் முதலாவது. மனிதருக்கும் தொற்றும். 2009-ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். உறுதியானால் அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்வார்கள், உரியவருக்கு இழப்பீடு உண்டு. இழப்பீடு உண்டு என்பது தெரியாததால் சிலர் மறைக்கிறார்கள், அதுதான் ஆபத்து. குதிரைக் காய்ச்சல் எனப்படும் இன்ஃபுளுயன்சா 1987-இலும் 2008-இலும் நாட்டில் பெரிதாகப் பரவியது.

நம் பகுதிக்கு நான் முக்கியமாக நினைப்பது மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் குதிரையைக் கட்டுவது. மாட்டிடம் சாதுவாக இருக்கும் ஒரு புழு, கொசு வழியாகக் குதிரைக்குள் போனால் தண்டுவடத்தில் ஏறிப் பின்னங்காலை விழவைத்துவிடும். கும்ரி என்பார்கள். கடிக்கும் ஈ வழியாகச் சர்ரா என்கிற ரத்த ஒட்டுண்ணி நோய் வரும். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். லாட ஆணி குத்தினால் போதும், குதிரைக்கு ரணஜன்னி மிகச் சுலபமாக வரும்.

இத்தனை தோல் தொழிற்சாலை இருக்கிறதே, சேணம் ஏன் இங்கே செய்வதில்லை?

தோல் தொழிற்சாலை நண்பர் இதற்கு இரண்டு மணி நேரம் பேசுவார், நான் சுருக்குகிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் பெரும்பாலும் ஷூவுக்கான மெல்லிய தோல், குரோமில் பதப்படுத்தியது. சேணத்துக்கும் கடிவாள வாருக்கும் வேண்டியது தடித்த தோல், மரப்பட்டையில் பதப்படுத்தியது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்தது இந்த ஊர்தான், அந்தக் கை மறக்கவில்லை. ஆனால் 1860-களில் வெள்ளைக்காரன் ராணுவத்துக்குச் சேணம் தைக்கும் தொழிற்சாலையைக் கான்பூரில் வைத்தான். திறமையும் வியாபாரமும் அங்கேயே தங்கிவிட்டன. இங்கே வண்டிக்குதிரைக்கு அறுந்த வாரைத் தைக்கச் செருப்புத் தைக்கிறவரிடம்தான் போகிறார்கள், அவரும் நன்றாகவே தைக்கிறார்.

என் பெண் சவாரி கற்றுக்கொள்கிறாள். ஒலிம்பிக் வரை போக முடியுமா?

குதிரையேற்ற வீரர் பெங்களூரு பவாத் மிர்சா டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-ஆவது இடம் வந்தார். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் எனப்படும், குதிரையை நேர்த்தியாக நடத்திக் காட்டும் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வாங்கியது, குதிரையேற்றத்தில் 41 வருடத்துக்குப் பிறகு. அந்த நால்வரில் இரண்டு பெண்கள். ஆக, முடியும்.

ஆனால் அவர்கள் எல்லோரும் வருடக்கணக்கில் ஐரோப்பாவில் தங்கி, அங்குள்ள குதிரைகளில் பயிற்சி எடுத்தவர்கள். இந்தியாவில் இருக்கும் குதிரையை நேரே வெளிநாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோக நோய்க் கட்டுப்பாட்டு விதிகள் இடம் கொடுக்கவில்லை. 2025 ஜூலையில் மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடை மையத்தின் ஒரு வளாகத்தை நோயற்ற இடமாக உலக விலங்கு சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்டது. இனி அங்கிருந்து குதிரை கிளம்பலாம். எனக்கு இது தங்கத்தைவிடப் பெரிய செய்தி.

உங்கள் பெண்ணுக்கு இப்போதைக்கு ஹெல்மெட் தலைக்குச் சரியாகப் பொருந்துகிறதா, அங்கவடியில், அதாவது கால் வைக்கும் வளையத்தில், கால் சிக்கினால் விடுபடுமா என்று மட்டும் பாருங்கள். நானே ஒரு பயிற்சி இடத்தில் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்த லொடலொட ஹெல்மெட்டோடு விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டவன்.

ரேஸ் குதிரைகளுக்கும் உங்கள் ஆய்வுக்கும் சம்பந்தம் உண்டா?

இங்கே பந்தயத் திடல் இல்லை, ஆனால் பந்தயத்தில் ஓய்ந்த குதிரை கைமாறிச் சவாரிப் பள்ளிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வருகிறது. தமிழ்நாட்டில் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் சட்டம் வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் இது திறமை விளையாட்டு என்று சொல்லிவிட்டது. 2024-இல் ஊட்டித் திடலை அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது, கிண்டித் திடலின் குத்தகையை ரத்து செய்தது. பந்தயத்துக்கான ஜி.எஸ்.டி. 2023 அக்டோபரிலிருந்து 28 விழுக்காடாக முழுப் பந்தயத் தொகைக்கும் விதிக்கப்பட்டு, 2025 செப்டம்பரில் 40 ஆனது. கொஞ்ச நாள் மலிவாகக் குதிரை வரும், அப்புறம் வரத்தே நின்றுபோகும் என்பது என் கணிப்பு. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். ஓடிப் பழகிய குதிரைக்குப் பேண்டு வாத்தியமும் பட்டாசும் ஆகாது.

குதிரை உடம்பில் இருக்கும் முடிச் சுழியைப் பார்த்து வாங்கலாமா?

ஈரோடு மாவட்டம் அந்தியூர் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில் சுழிக்குத்தான் விலை. அது வாங்குகிறவர் மனசு. எங்கள் ஆய்வாளர் ஐயா பல்லைப் பார்த்து வயதையும், குளம்பைப் பார்த்து நடையையும், கண்ணைப் பார்த்துக் குணத்தையும் முதலில் முடிவு செய்யச் சொல்கிறார். சுழியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

குதிரை மேல் ஏறுவதே கொடுமை இல்லையா?

கேட்க வேண்டிய கேள்விதான். உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுகளைச் சேர்த்து நடத்தும் பென்டத்லான் போட்டியில், அடம்பிடித்த குதிரையைப் பயிற்சியாளர் கையால் குத்தியதை டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். பாரிசுக்குப் பிறகு அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றத்தையே எடுத்துவிட்டார்கள். சனங்களின் சம்மதம் போனால் விளையாட்டும் போகும்.

என் பதில் நேரடியாக இருக்காது. பாம்புக்கடிக்கு நம் ஆஸ்பத்திரிகளில் போடுகிற மருந்து, குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. வயற்காட்டில் வேலை செய்யும் நம் ஜனங்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்றால் அதில் குதிரைக்குப் பங்கு உண்டு. ஆகவே பயன்படுத்தவே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பகல் ஒரு மணிக்குத் தார் ரோட்டில் நிறுத்தாதே என்று சொல்ல முடியும்.

நாங்கள் எப்படி விவரம் தருவது?

செவ்வாய்க்கிழமை காலையில் பொய்கை மாட்டுச் சந்தைக்கு வாருங்கள். பச்சை நிறப் பையோடு டீக்கடைப் பக்கம் இருப்போம். லாடம் கட்டுகிறவர், கொள்ளு வியாபாரி, சாரட்டு வண்டி பழுது பார்க்கிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். குதிரையைக் கூட்டி வர வேண்டாம். சந்தையில் மாட்டு ஈ அதிகம்.